கியர் லிவர் தொளதொளன்னு ஆடுது, கியர் விழல: லிங்கேஜை சிக்கனமா சரிசெய்ய என்ன வழி?

#1 முதல்கியர்

முன்சக்கர டிரைவ், 5 கியர் மேனுவல், கேபிள் வகை லிங்கேஜ் (லிவரை கியர்பாக்ஸோடு இணைக்கும் அமைப்பு). லிவர் முன்னும் பின்னும் எந்தப் பிடிப்பும் இல்லாமல் போய் வருகிறது. இடவலமாகத் தள்ளினால் மட்டும் பழையபடி ஸ்பிரிங் இழுத்து நடுவுக்கு வருகிறது. வண்டி 2வது கியரில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கிளட்ச் நன்றாக இருக்கிறது. கேபிள் ஜோடியாகத்தான் வரும், ஒன்று மட்டும் கிடைக்காது என்கிறார்கள். அதை மாற்ற உள்ளே கன்சோல் எல்லாம் கழற்ற வேண்டும், கூலி தனி. கியர்பாக்ஸை இறக்க வேண்டி வருமா? கைச்செலவில் முடிக்க வழி உண்டா?

#2 ஸ்பேனர்14

பாக்ஸை இறக்கும் பேச்சே வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு பாக்ஸ் உள்ளே கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

லிவரிலிருந்து இரண்டு கேபிள் போகும். செலக்ட் கேபிள் எந்த வரிசை என்று தேர்ந்தெடுக்கும் (1-2, 3-4, 5-ரிவர்ஸ்). ஷிஃப்ட் கேபிள் அந்த வரிசைக்குள் முன்னோ பின்னோ தள்ளும். நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் பல கார்களில் பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அந்த இழுப்பு கைக்குத் தெரிகிறது என்றால் செலக்ட் கேபிள் பிழைத்திருக்கிறது, கழன்றது ஷிஃப்ட் கேபிள். சில கார்களில் இதே ஸ்பிரிங் லிவர் அடியில் இருக்கும், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாமல் கண்ணால் பாருங்கள்.

எஞ்சினை அணைத்து ஆற விடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றுங்கள். சில கார்களில் பேட்டரியையும் அதன் தட்டையும் எடுத்தால்தான் பாக்ஸ் தெரியும். இப்போது ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்தபடி லிவரை மெதுவாக ஆட்டட்டும், நீங்கள் மேலிருந்து பாருங்கள்.

கேபிள் நுனி அசைகிறது, பாக்ஸ் மேல் இருக்கிற லிவர் அசையவில்லை என்றால் நுனி புஷ் (நுனி வளையத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உள்வளையம்) போயிருக்கிறது. இதுதான் அடிக்கடி நடப்பது. கேபிள் நுனியே அசையவில்லை என்றால் கோளாறு கன்சோலுக்கு அடியில், லிவர் முனையில். இல்லாவிட்டால் உள்கம்பி அறுந்திருக்கும். உள்கம்பிக்குப் பதிலாக கேபிளின் உறை முழுக்க முன்னும் பின்னும் போகிறதா? அப்படியானால் உறையை பிராக்கெட்டில் பிடிக்கும் கிளிப் கழன்றிருக்கிறது, ஐந்து நிமிட வேலை.

கடைசியாக, கேபிளைக் கழற்றி பாக்ஸ் லிவரைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு கியரும் 'டக்' என்று உட்கார்ந்தால் பாக்ஸ் நலம். கையாலேயே நகராமல் பிடித்தால் விஷயம் வேறு, இந்த இழைக்குள் அடங்காது. வண்டி அசையாமல் நிற்கும்போது ஒரு கியர் மட்டும் பாதியில் நின்றால் பயப்படாதீர்கள், பல்லுக்குப் பல் முட்டியிருக்கும். வண்டியை ஒரு சாண் உருட்டிவிட்டு மறுபடி தள்ளுங்கள்.

#3 கட்டுக்கம்பி

அவசரத்துக்கு வண்டியை நகர்த்தணும்னா: எஞ்சின் ஆஃப்ல பாக்ஸ் லிவரைக் கையால நியூட்ரலுக்கு இழுங்க, தள்ளிக்கிட்டுப் போகலாம். ஓட்டித்தான் ஆகணும்னா 2லயே இருக்கட்டும். கிளட்ச்சை முழுசா மிதிச்சு ஸ்டார்ட் பண்ணி, மெதுவா விட்டுக் கிளப்பலாம். கொஞ்ச தூரத்துக்குத் தாங்கும், மேடு கூடாது. எஞ்சின் ஓடும்போது பாக்ஸ் லிவர் பக்கம் கையே போகக் கூடாது, கியர் விழுந்தா வண்டி உங்க மேலயே ஏறும்.

நுனி கழன்றது மட்டும்னா கட்டுக்கம்பியை ரெண்டு சுத்து போட்டு முறுக்கி வீட்டுக்கு வந்துடலாம். பிளாஸ்டிக் டை வேண்டாம். சாதாரண நைலான் டை 85 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் கணக்கு. பாக்ஸ் மேல, எக்ஸாஸ்ட் பக்கத்துல அது நீண்டு தொங்கிடும்.

#4 முதல்கியர்

பார்த்துவிட்டேன். ஷிஃப்ட் கேபிள் நுனிதான். உள்ளே இருந்த புஷ் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிட்டது. வெர்னியரில் அளந்தது: பாக்ஸ் லிவரில் இருக்கும் பால் (உருண்டைத் தலை) 10 மி.மீ., கேபிள் வளையத்தின் உள்விட்டம் 15 மி.மீ., வளையத்தின் தடிமன் 12 மி.மீ. பால் பின்பக்கம் நட்டு போட்டு இருக்கிறது, ரிவெட் இல்லை. கையால் தள்ளினால் எல்லா கியரும் விழுகிறது. சூப்பர் குளூ போட்டு ஒட்டிப் பார்க்கலாமா?

#5 லேத்தடி

ஒட்டாது. இந்தப் புஷ் பெரும்பாலும் நைலான் அல்லது அசிட்டல் (ஒரு வகைக் கடினப் பிளாஸ்டிக்). அசிட்டலின் மேல் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது, உரித்தால் தோல் மாதிரி வந்துவிடும். இந்த இடத்தில் எந்த ரிப்பேராக இருந்தாலும் மூன்று காரியம் செய்ய வேண்டும்: தள்ளும்போதும் இழுக்கும்போதும் ஆட்டம் இருக்கக் கூடாது, எல்லாப் பக்கமும் சுழல வேண்டும், கழன்று வராதபடி ஒரு பிடிப்பு வேண்டும். பசை மூன்றையும் கெடுக்கும்.

நீங்கள் அளந்தது நல்லது. அந்த மூன்று அளவையும் வைத்து மாற்றுப் புஷ் தேடுங்கள். கேபிளை விட்டுவிட்டு புஷ் மட்டும் விற்கும் கிட்டுகள் பல மாடல்களுக்கு இருக்கின்றன. கார் பெயர் பொருந்தாவிட்டாலும் அளவு பொருந்தினால் போதும். போடும் முறை:

பழைய தூளைச் சுரண்டி எடுத்து, வளையத்தின் உள்ளே இருக்கும் காடியைச் சுத்தம் செய்யுங்கள், புது புஷ்ஷின் விளிம்பு அதில்தான் உட்காரும். பாலில் துரு இருந்தால் 400, பிறகு 600 நம்பர் எம்ரி பேப்பரால் தேயுங்கள். குழி விழுந்த பால் புதுப் புஷ்ஷையும் அரம் மாதிரி தின்றுவிடும். புஷ்ஷை ஐந்து நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்தால் இளகும். சுத்தியலால் அடிக்காமல், ஒரு பக்கம் பெரிய சாக்கெட், மறுபக்கம் தட்டையான வாஷர் வைத்து ஜி கிளாம்ப்பால் நேராக அழுத்துங்கள். பிறகு சிலிகான் கிரீஸ் தொட்டு, பாலின் மேல் வைத்து வாட்டர் பம்ப் பிளையரால் அழுத்தினால் 'டொப்' என்று உட்காரும். சத்தம் வரவில்லை என்றால் உட்காரவில்லை.

#6 அச்சுவார்ப்பு

எபாக்ஸி புட்டி பற்றி யாரும் சொல்லவில்லையே. பாலில் கிரீஸ் தடவி, வளையத்துக்குள் புட்டியை அடைத்து, பாலை அமுக்கி இறுக விட்டால் அச்சு அப்படியே கிடைக்கிறது. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

#7 லேத்தடி

லிவர் அடியில், கேபினுக்குள் இருக்கும் முனைக்கு என்றால் ஒத்துக்கொள்கிறேன். பாக்ஸ் முனைக்கு வேண்டாம். அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்ஸி 60, 70 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், பாக்ஸ் மேலே அந்தச் சூடு வெகு சாதாரணம். தவிர அச்சில் பாலை விட வாய் அகலமாக இருந்தால் பிடிப்பு இல்லை, குறுகலாக இருந்தால் புட்டி விரிந்து கொடுக்காது, முதல் தடவை கழற்றும்போதே விரிசல் விடும். வளையும் பொருள்தான் இங்கே வேலை செய்யும்.

3டி பிரிண்ட் பற்றி அடுத்து யாராவது கேட்பீர்கள் என்பதால் இப்போதே: பிரிண்டருக்குப் போடும் பிளாஸ்டிக்குகளில் பிஎல்ஏ 60 டிகிரியில் துவண்டுவிடும், பிஇடிஜி 80 பக்கம். நைலானில் அச்சடித்தால் சரி. காய்கறி வெட்டும் பிளாஸ்டிக் பலகையை அறுத்துச் செய்வதும் சரிப்படாது. பாலித்தீன் 130 டிகிரியில் உருகுகிறது என்றாலும் அதற்கு வெகு முன்பே அழுத்தத்தில் நசுங்கி ஆட்டம் வரும். லேத்தில் கடைந்தால் அசிட்டல் தண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அசிட்டல் 165 டிகிரிக்கு மேல், நைலான் 6 ஏறக்குறைய 220 டிகிரியில்தான் உருகும்.

#8 கட்டுக்கம்பி

பாலை எடுத்துட்டு அங்க ஒரு போல்ட், ரெண்டு வாஷர், காட்டர் பின். ரொம்ப நாளா எல்லாரும் செய்யறதுதானே?

#9 ஸ்பேனர்14

செலக்ட் கேபிளுக்குப் பல சமயம் ஒத்துப்போகும். ஷிஃப்ட் கேபிளில் இடிக்கும். அங்கே ஏன் பால் வைத்தார்கள் என்று யோசியுங்கள். வரிசை மாற்றும்போது பாக்ஸின் செலக்டர் தண்டு மேலும் கீழும் போகிறது. ஷிஃப்ட் லிவர் அந்தத் தண்டின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் அதுவும் சேர்ந்து ஏறி இறங்கும். அதோடு வில் மாதிரி வளைந்தும் சுழலும். கேபிள் நுனி ஒரே நேரத்தில் இரண்டு திசையில் சாய வேண்டும். நேரான போல்ட்டில் சாயாது. 3-4 வழுக்கிக்கொண்டு விழும், 1லும் 5லும் இறுகும், கடைசியில் வளையம் விரிசல் விடும்.

போல்ட்தான் வேண்டும் என்றால் ஒரு உருளை ஸ்லீவ் போடுங்கள். எஃகுக் குழாய்த் துண்டு, புஷ்ஷை விட அரை மி.மீ. நீளம் அதிகம். நட்டு ஸ்லீவை இறுக்கும், புஷ் அதன் மேல் சுதந்திரமாகச் சுழலும். ஸ்லீவ் இல்லாமல் நட்டை இறுக்கினால் புஷ் நசுங்கிப் பிடிக்கும், தளர்த்தினால் நட்டு கழன்று விழும். கூட நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தானாகக் கழலாதது). புஷ் கொஞ்சம் ரப்பர் தன்மை உள்ளதாக இருந்தால் அந்தச் சாய்வையும் ஓரளவு வாங்கிக்கொள்ளும்.

உங்கள் விஷயத்தில் இதை விட நேரான வழி இருக்கிறது. 10 மி.மீ. பால் என்பது தர அளவு. டிக்கி கதவைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட்டின் முனையில் இருக்கும் எஃகுச் சாக்கெட் இதே 10 மி.மீ. பாலுக்குச் செய்தது (13 மி.மீ. பாலுக்கும் வரும், பார்த்து எடுங்கள்). கம்பிக் கிளிப் போட்டுப் பூட்டும் வகையாக இருக்கட்டும், வெறுமனே அமுக்கும் பிளாஸ்டிக் வகை வேண்டாம். வீணாய்ப்போன ஸ்ட்ரட்டில் இருந்தே மரை சுற்றிக் கழற்றலாம். ஸ்ட்ரட்டின் உருளையை மட்டும் அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம், உள்ளே உயர் அழுத்த வாயு.

கேபிள் தண்டு 6 மி.மீ. என்றால் வளையத்தை அறுத்து, எம்6 டையால் மரை வெட்டி, லாக் நட்டு போட்டு, எம்6 மரை உள்ள சாக்கெட்டைச் சுற்றுங்கள். அறுப்பதற்கு முன் வளையத்தின் மையத்திலிருந்து தண்டில் ஒரு நிலையான புள்ளி வரை அளந்து எழுதி வையுங்கள். அது தொலைந்தால் பிறகு தவிப்பீர்கள். மரை குறைந்தது 9 மி.மீ. உள்ளே போக வேண்டும். வெட்டும்போது தண்டை வைஸ் கிரிப்பால் மரைக்கு அருகிலேயே பிடியுங்கள். தண்டு முறுகினால் உள்கம்பியோடு சேரும் இடம் பிய்ந்துவிடும், அப்புறம் புதுக் கேபிள்தான்.

ஒரு குறை உண்டு: இரும்போடு இரும்பு என்பதால் எஞ்சின் அதிர்வு கொஞ்சம் லிவர் குமிழுக்கு வரும். பிளாஸ்டிக் புஷ் வைத்தது அதைத் தடுக்கத்தான்.

#10 கம்பிவடம்

எல்லோரும் புஷ்ஷை மாற்றுவது பற்றியே பேசுகிறீர்கள். அது ஏன் உதிர்ந்தது என்று பார்க்காமல் மாற்றினால் அடுத்ததும் உதிரும். மூன்று இடம் பாருங்கள். எக்ஸாஸ்ட்டின் வெப்பத் தகடு இடத்தில் இருக்கிறதா? செலக்டர் தண்டின் ஆயில் சீல் கசிந்து புஷ் எண்ணெயில் ஊறுகிறதா? பேட்டரி நேர் மேலே இருந்தால் அமிலம் ஒழுகிய வெள்ளைப் பொடி தெரிகிறதா? நான்காவதாக எஞ்சின் மவுண்ட். மவுண்ட் போனால் எஞ்சின் ஒவ்வொரு தடவையும் ஆடி கேபிளை இழுக்கும். ராட் வகையில் (கேபிளுக்குப் பதில் தண்டு உள்ளது) இது இன்னும் மோசம். முடுக்கும்போது கியர் தானாகக் கழன்றால் லிங்கேஜுக்கு முன் மவுண்ட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கேபிள் உறைக்குள் எண்ணெய் ஊற்றாதீர்கள். பல கேபிள்களில் உள்ளே வழுக்கும் பிளாஸ்டிக் குழாய் உண்டு, எண்ணெய் அங்கே தூசியைப் பிடித்துப் பசையாக்கும். உள்கம்பி துருப்பிடித்து இறுகிவிட்டால் அந்தக் கேபிளுக்கு ஆயுள் முடிந்தது.

#11 பின்சக்கரம்

ராட் வகைக்காரர்கள் தேடி வந்தால் உதவட்டும் என்று சேர்க்கிறேன். இதில் கேபிள் கிடையாது, அடியில் நீளமான தண்டு, நடுவில் ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட், நுனியில் ரோல் பின் (துளைக்குள் அடித்து இறுக்கும் சுருள் எஃகு முளை). போவது மூன்றில் ஒன்று: ஜாயிண்ட்டின் பிளாஸ்டிக் கோப்பை, ரோல் பின், இரண்டு தண்டைச் சேர்க்கும் கிளாம்ப். கிளாம்ப் வழுக்கினால் எல்லா கியரும் ஒரே பக்கமாக நகர்ந்துவிடும். இறுக்கினாலே போதும், எம்8 போல்ட் என்றால் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். வண்டியின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு.

ரோல் பின்னுக்குப் பதில் போல்ட் போடுவோர் துளைக்குள் மரை உட்காராதபடி, மரையில்லாத கழுத்து நீளமான 8.8 தர போல்ட் எடுங்கள். மரை துளைக்குள் இருந்தால் கொஞ்ச நாளில் துளையை அறுத்து முட்டை வடிவாக்கிவிடும். தண்டே முறிந்தால் மேலே குழாய் ஏற்றி வெல்டிங் செய்யலாம், முறிவின் இரு பக்கமும் தண்டு விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது குழாய் மூட வேண்டும். வண்டியில் வைத்தபடி வெல்டிங் கூடாது, கழற்றி வெளியே. அப்படியே பற்ற வைத்தால் மின்னோட்டம் பாக்ஸ் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும்.

அடியில் படுக்கும் வேலை என்பதால் ஜாக்கியை நம்ப வேண்டாம், ஜாக் ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் தலையை உள்ளே விடுங்கள்.

#12 பிஆர்என்டி

ஆட்டோமேட்டிக்கில் இதே புஷ் போனால் வேறு ஆபத்து. லிவர் 'பி'யில் (பார்க்) இருக்கும், பாக்ஸ் அந்த நிலையில் இருக்காது. சாவியை எடுத்து இறங்கினால் வண்டி உருளும். 2022 ஜூனில் ஃபோர்டு அமெரிக்காவில் ஏறக்குறைய 29 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இந்தச் சின்னப் புஷ்ஷுக்காகத்தான். வெப்பமும் ஈரமும் அதைச் சிதைக்கின்றன என்பது காரணம். புதுப் புஷ்ஷும் மேலே ஒரு மூடியும் போட்டுக் கொடுத்தார்கள். ஆகவே சிக்கனம் தேடுவோர் முதலில் தங்கள் சேசிஸ் எண்ணுக்குத் திரும்ப அழைப்பு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இலவசத்தை விடச் சிக்கனம் வேறில்லை.

ஆட்டோமேட்டிக்கில் கம்பி கட்டுவது வண்டியை ஓரம் கட்டும் வரைதான். புஷ் போட்ட பிறகு பி, என் இரண்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகிறதா, ஆர் போட்டால் மட்டும் ரிவர்ஸ் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். லிவர் இரண்டு நிலைக்கு நடுவில் நின்றால் பாக்ஸுக்குள் எண்ணெய் அழுத்தம் குறையலாம், உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் தேய்ந்து எரியும்.

#13 முதல்கியர்

ஸ்பேனர்14 சொன்ன சாக்கெட் வழியில் போனேன். தண்டு 6 மி.மீ.தான். மாட்டியாயிற்று, கிளிப் பூட்டியது. 1, 3, 5 நன்றாக விழுகின்றன. 2, 4 மேலோட்டமாக விழுகின்றன. 4ல் ஆக்ஸிலேட்டரை விட்டால் வெளியே வந்துவிடுகிறது. அப்படியே ஓட்டலாமா?

#14 ஸ்பேனர்14

ஓட்டாதீர்கள். பாதி பல்லில் ஓடினால் கியரின் விளிம்பு உருண்டு போகும், அப்புறம் லிங்கேஜ் எவ்வளவு சரியாக இருந்தாலும் கழன்று விழும்.

பாக்ஸ் லிவருக்கும் அதன் அருகில் அசையாத இடத்துக்கும் சேர்த்து பெயிண்டால் குறி வையுங்கள். சாக்கெட்டைக் கழற்றி, பாக்ஸ் லிவரைக் கையால் 3ல் முழுக்கத் தள்ளி ஒரு கோடு, 4ல் முழுக்கத் தள்ளி ஒரு கோடு. மறுபடி மாட்டி, உள்ளே இருந்து லிவரால் 3, 4 போட்டுக் கோட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் கோட்டைத் தொட்டு மறுபக்கம் தொடவில்லை என்றால் நடு தவறியிருக்கிறது, நீளத்தை மாற்றினால் தீரும். இரண்டு பக்கமும் தொடவில்லை என்றால் நீளத்தைத் தொட்டுப் பயனில்லை. எங்கோ ஆட்டம் இருக்கிறது, அல்லது உறைக் கிளிப் தளர்ந்து கேபிள் பின்வாங்குகிறது, அல்லது லிவரின் ரப்பர் உறை கன்சோலில் முட்டி லிவரை முழுக்கப் போக விடவில்லை. இதைப் பிரிக்காமல் நீளத்தைத் திருகிக்கொண்டே இருந்தால் ஒரு கியர் வரும், இன்னொன்று போகும்.

உங்களுடையது அநேகமாக முதல் வகை. எம்6 மரையின் இடைவெளி 1 மி.மீ., ஆக சாக்கெட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஒரு மி.மீ. லாக் நட்டைத் தளர்த்தி ஒரு சுற்று. மோசமானால் எதிர்ப்பக்கம். 3லும் 4லும் கோட்டைத் தொட்ட பிறகு, உள்ளே லிவருக்கு இரண்டு பக்கமும் மிச்சம் இருக்கும் நகர்வு சமமாக வர வேண்டும். முடித்ததும் லாக் நட்டை இறுக்குங்கள், எம்6க்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும்.

லிவர் அடியில் நியூட்ரல் பூட்டும் துளை இருக்கிற கார்களில் வேலை சுலபம். துளைக்குப் பொருந்தும் டிரில் பிட்டின் காம்பைச் செருகி லிவரை நிறுத்தி, பாக்ஸை நியூட்ரலில் வைத்து, அப்படியே நீளத்தைப் பொருத்திவிடலாம்.

#15 லேத்தடி

கூடவே ஒன்று: சாக்கெட்டின் வாய் கீழ்ப்பக்கமோ பக்கவாட்டிலோ இருந்தால் அழுக்கும் நீரும் புகும். கிரீஸ் வைத்து சின்ன ரப்பர் மூடி போடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கிளிப்பையும் லாக் நட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

#16 முதல்கியர்

மூன்று சுற்று உள்ளே போனதும் 3, 4 இரண்டும் கோட்டைத் தொட்டன. 1, 2, 5ம் சரி. லிவரில் லேசான அதிர்வு தெரிகிறது, எதிர்பார்த்ததுதான். ரிவர்ஸ் மட்டும் சில சமயம் கரகரக்கிறது. இன்னும் அரைச் சுற்று போடட்டுமா?

#17 கம்பிவடம்

போடாதீர்கள், அது லிங்கேஜ் இல்லை. நிறைய பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோனைசர் (கியர் விழும் முன் சுழல் வேகத்தைச் சமப்படுத்தும் பாகம்) கிடையாது. கிளட்ச்சை முழுக்க மிதித்து மூன்று விநாடி பொறுத்துப் போடுங்கள், அல்லது முதலில் 2ஐத் தொட்டுவிட்டு ரிவர்ஸுக்கு வாருங்கள், உள்ளே சுழலும் தண்டு நின்றுவிடும். அப்படியும் கரகரத்தால் கிளட்ச் பெடலின் உயரத்தையும் அதன் கேபிளையோ ஹைட்ராலிக்கையோ பாருங்கள், லாக் நட்டைத் தொட வேண்டாம்.